சுவிட்சைப் போடுவதற்கு முன்: ஒரு பிபிசி மைக்ரோவின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் ஒரு சிறிய உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு வந்த பழைய வீட்டுக் கணினி ஒன்றை என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். அங்கே எலக்ட்ரானிக்ஸ் வேலைகளுக்கு உதவும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆட்களின் பெயர், பள்ளியின் பெயர், ஊர் எதுவும் இதில் வராது. பழைய கணினியைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கும், அப்படி ஒன்றை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது என்று யோசிக்கும் பள்ளி, நூலகம் போன்ற இடங்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் வெளிவந்தது. மக்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்க பிபிசி ஒரு திட்டம் தொடங்கியது. தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு சேர்ந்து வரவேண்டிய கணினியைச் செய்யும் வேலை கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும்தான் வடிவமைப்பில் முக்கியமானவர்கள். இதே இருவர் பின்னால் ஆர்ம் சிப்பை வடிவமைத்தார்கள், இன்று நம் ஒவ்வொருவர் ஃபோனிலும் அதன் வாரிசு ஓடுகிறது. 6502 சிப், 2 மெகாஹெர்ட்ஸ், பி மாடலில் (எங்களுக்கு வந்ததும் அதுதான்) 32 கிலோபைட் நினைவகம். பி மாடலின் விலை முதலில் 335 பவுண்டு, சீக்கிரமே 399 ஆனது. அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஆனால் பள்ளிகள் வாங்கினால் பாதி விலையை அரசே கொடுத்தது, அதனால் பிரிட்டனில் பெரும்பாலான பள்ளிகளுக்குள் இந்தப் பெட்டி நுழைந்துவிட்டது. மொத்தம் 15 லட்சத்துக்கு மேல் விற்றது. 1984-ல் இந்தியாவில் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்திலும் இதே கணினிதான்; நம்மில் சிலர் முதன்முதலில் தொட்ட கீபோர்டு இதுவாகக்கூட இருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இது அரிய கணினி அல்ல. பெரிய அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருக்கிறது, எங்களிடமே ஒன்று இருந்தது. அப்படியானால் இன்னொன்றை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வி முதல் நாளே வந்தது. கொடுக்க வந்தவர், ஓய்வுபெற்று மறைந்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மகள். கணினி பக்கத்து ஊர்ப் பள்ளியில் 1980-களில் இருந்தது, பள்ளி அதைக் கழித்துக்கட்டியபோது அப்பா வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். கூடவே ஒரு டிஸ்க் டிரைவ், ஒரு ஷூ டப்பா நிறைய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகள். காப்பாட்சியர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு அந்த டப்பாதான் காரணம்.

வந்தபோது கண்டது

கையில் வாங்கும்போதே ஒரு வாடை. கருகிய மீனும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் யாரும் அந்த வாடையைத் தவறவிட மாட்டார்கள். மகளிடம் கேட்டோம். ஓடாத கணினியை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்து, கொண்டு வருவதற்கு முந்தைய வாரம் பிளக்கில் சொருகிப் பார்த்திருக்கிறார். முதலில் நன்றாகத்தான் வந்ததாம், திரையில் எழுத்தும் தெரிந்ததாம். பிறகு டப்பென்று ஒரு சத்தம், பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. பயந்துபோய்ச் சுவரில் சுவிட்சை அணைத்திருக்கிறார். நல்ல எண்ணத்தோடு செய்தது, அவரிடம் அப்படியேதான் சொன்னோம்.

திறப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்தோம். மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளின் பக்கத்தில் ‘ஃபிக்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். அதில் ஒன்றின் தலை தேய்ந்திருந்தது, யாரோ முன்பே பலமுறை திறந்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் பள்ளியின் அஞ்சல் குறியீட்டைச் சூடான கம்பியால் பொறித்திருந்தார்கள், திருட்டுக்குப் பயந்து அப்போது பல பள்ளிகளில் செய்தது. வலப்பக்கம் நன்றாக மஞ்சளடித்திருந்தது, இடப்பக்கம் கிட்டத்தட்ட பழைய தந்த நிறத்திலேயே. வகுப்பில் எந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

கீபோர்டைப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. மேல் வரிசையில் சிவப்பு நிறத்தில் எஃப்0 முதல் எஃப்9 வரை விசைகள், அதற்கு மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் பட்டை, அதற்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைக்கலாம். இதில் இருந்த காகிதத்தில் ஆசிரியர் பென்சிலால் வேர்ட்வைஸ் என்ற எழுத்து மென்பொருளுக்கான குறிப்புகளை எழுதியிருந்தார்: எஃப்1-க்கு மேல் பச்சை, எஃப்2-க்கு மேல் வெள்ளை. வேர்ட்வைஸில் கட்டளை ஆரம்பிக்கும் இடத்துக்குப் பச்சை, முடியும் இடத்துக்கு வெள்ளை. அதைவிட எனக்குப் பிடித்தது, இசட், எக்ஸ், முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகிய விசைகள் மட்டும் மற்றவற்றைவிட வழுவழுவென்று பளபளத்தன. பிபிசி மைக்ரோ விளையாட்டுகளில் இடம், வலம், மேல், கீழ் போவதற்குப் பழக்கமான விசைகள் அவை. அப்பா இதைப் பாடத்துக்கு மட்டும்தான் வைத்திருந்தார் என்று மகள் சொன்னார். பிள்ளைகள் வேறு மாதிரி வைத்திருந்திருக்கிறார்கள்.

பவர் சப்ளை பெட்டியைத் திறந்ததும் வாடைக்குக் காரணம் கிடைத்தது. மெயின்ஸ் மின்சாரத்தின் இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் கெபாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் சின்னப் பாகம், ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது, சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு. இது அந்தக் கால மின்கருவிகள் பலவற்றில் இருக்கும் தெரிந்த பிரச்சினைதான். உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள், வெளியே ஒளி ஊடுருவும் மஞ்சள் எபாக்ஸி உறை. முப்பது நாற்பது வருடத்தில் உறையில் மயிரிழை விரிசல்கள் விழும், அதன் வழியாகக் காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்பிறகு மெயின்ஸ் கொடுத்தால் சில நிமிடம் தாங்கும், அப்புறம் சூடாகி வெடிக்கும். பக்கத்திலிருந்த இன்னொரு கெபாசிட்டரிலும் விரிசல் வலை போல ஓடியிருந்தது, அது இன்னும் வெடிக்கவில்லை. நல்ல வேளையாக மெயின் போர்டுக்கு எதுவும் ஆன மாதிரி தெரியவில்லை. பி மாடலில் பேட்டரியும் கிடையாது, 1986-ல் வந்த மாஸ்டர் மாடலில் இருப்பது போல ஒழுகிப் போர்டை அரிக்கும் தொல்லை இதில் இல்லை.

முதல் விவாதம்

இரண்டு தரப்பு. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், தொழிலில் இருந்தபோது இதே கணினிகளைப் பழுது பார்த்தவர். அவர் சொன்னது: அந்தக் கெபாசிட்டர்களை மாற்றுவது அரை மணி நேர வேலை, பாகங்கள் சில பவுண்டுக்குக் கிடைக்கும், கணினி என்பது ஓடவேண்டிய பொருள், ஓடாமல் கண்ணாடிக்குள் வைத்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் பெட்டி. காப்பாட்சியர் சொன்னது: ஒரு பாகத்தை மாற்றினால் அது எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி போய்விடும், இன்று கெபாசிட்டர், நாளை சாக்கெட், நாளை மறுநாள் மூடி, கடைசியில் பள்ளியிலிருந்து வந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டுமே நியாயம்தான், அதனால்தான் பேச்சு நீண்டது. என் கருத்து காப்பாட்சியர் பக்கம் சாய்ந்தது. இதே மாடலில் ஓடும் கணினி ஒன்று ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது, பிள்ளைகள் அதில் தட்டட்டும். இந்தக் கணினியை நாங்கள் ஏற்றுக்கொண்டது 6502 எப்படி ஓடும் என்று காட்டுவதற்கு அல்ல, ஒரு வகுப்பறை எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு. தேய்ந்த விசையும் பென்சில் எழுத்தும்தான் அதைச் சொல்கின்றன, அவை ஓடுவதற்கு மின்சாரம் வேண்டாம்.

முடிவு இப்படி ஆனது. பவர் சப்ளையைக் கழற்றி, வெடித்த கெபாசிட்டரோடு அப்படியே, தனி உறையில், அதே பதிவெண்ணின் கீழ் வைப்பது. மெயின் போர்டை வெளியிலிருந்து ஆய்வக மின்வழங்கி கொண்டு ஒருமுறை மட்டும் சோதிப்பது. அதற்கும் முன்னால் ஃப்ளாப்பிகளைப் படிப்பது. கணினி இன்னும் இருபது வருடம் அலமாரியில் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு அப்படிக் காத்திருக்காது.

ஃப்ளாப்பிகள்

ஃப்ளாப்பி வேலைதான் அதிக நேரம் எடுத்தது, அதிகம் கிடைத்ததும் அங்கேதான்.

சிலவற்றின் உறைக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை பிடித்த டிஸ்க்கை டிரைவில் போட்டால் இரண்டு நஷ்டம்: படிக்கும் தலை அழுக்காகும், அந்த அழுக்கு அடுத்த டிஸ்க்கையும் கீறும். அதனால் முதலில் பிரித்தோம், சுத்தமாகத் தெரிபவை ஒரு பக்கம், சந்தேகமானவை ஒரு பக்கம். ஒவ்வொன்றின் ஓரத்தில் இருக்கும் சிறு வெட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் அந்த வெட்டை மூடினால்தான் எழுத முடியாமல் போகும். டிரைவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தூக்கிப் போடக்கூடிய ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து, கீறல் விழவில்லை என்று உறுதி செய்த பிறகே பள்ளி டிஸ்க்குகள் உள்ளே போயின.

படித்தது பிபிசி மைக்ரோவில் இல்லை. அந்தக் காலத்து டிஸ்க் கட்டுப்பாட்டு சிப் ஒரு செக்டாரை, அதாவது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டை, படிக்க முடியாவிட்டால் பிழை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், நமக்கு வேறொன்றும் தெரியாது. அதற்குப் பதில் கிரீஸ்வீசல் என்ற திறந்த வன்பொருள் பலகை ஒன்றைப் பழைய டிரைவில் இணைத்து, டிஸ்க்கில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே, பல சுற்றுகள், கோப்பாகப் பதிவு செய்தோம். அதிலிருந்து தகவலைப் பிரித்தெடுப்பதைப் பிறகு நிதானமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், டிஸ்க்கை மறுபடி சுற்றவேண்டியதில்லை. டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் டிராக் என்னும் வட்டப் பாதைகள் நாற்பது, டிராக்குக்குப் பத்து செக்டார், செக்டாருக்கு 256 பைட். ஒரு பக்கத்துக்கு 100 கிலோபைட். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு படம்கூட பெரும்பாலும் அதில் அடங்காது.

பூஞ்சை பிடித்தவற்றுக்கு வேறு வழி. உறையின் ஒரு ஓரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் வட்டமான ஃபிலிமை மெல்ல வெளியே எடுத்து, காய்ச்சி வடிகட்டிய நீரால் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரு புது உறைக்குள் வைத்துப் படித்தோம். ஆசிரியரின் கையெழுத்து இருக்கும் பழைய உறையை எறியவில்லை, அதுவும் பதிவெண்ணோடு பெட்டிக்குள் போனது. பெரும்பாலானவை வந்துவிட்டன. ஒன்றில் மட்டும் பூச்சு ஃபிலிமை விட்டு உதிர ஆரம்பித்தது, உடனே நிறுத்திவிட்டோம்.

உள்ளே இருந்தவை

விளையாட்டுகளின் நகல்கள், கணக்குப் பயிற்சி நிரல்கள், பெற்றோருக்கு எழுதிய சுற்றறிக்கைகள், பிள்ளைகள் பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள். இவற்றுக்கு நடுவே ‘டூம்ஸ்டே’ என்று உறையில் எழுதிய ஒரு டிஸ்க்.

1086-ல் இங்கிலாந்தின் பெரும்பகுதி நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே புத்தகத்தின் 900-ஆம் ஆண்டுக்காக, 1986-ல் பிபிசி ஒரு பெரிய திட்டம் நடத்தியது. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் தங்கள் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் இதில் பங்கெடுத்தார்கள். தொகுத்ததை லேசர் டிஸ்க்கில் போட்டார்கள், அதைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும், விலை பல ஆயிரம் பவுண்டு. பதினைந்து வருடத்துக்குள் கருவிகள் அரிதாகிவிட, 900 வருடத்துப் புத்தகத்தைப் படிக்க முடிகிறது, இதைப் படிக்க முடியவில்லை என்ற பேச்சு வந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2002-ல் மென்பொருள் வழியாக அதை மீண்டும் ஓடவைத்தன, 2011-ல் பிபிசி ஊர்ப் பகுதிகளை இணையத்தில் வெளியிட்டது.

ஆக, இந்தப் பள்ளி அனுப்பியதன் வெளியான வடிவம் ஏற்கெனவே கிடைக்கிறது. எங்கள் டிஸ்க்கில் இருந்தது அனுப்புவதற்கு முந்தைய வரைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். வெளியான பக்கங்களில் பேருந்து நேரம், கடைகள், தேவாலயம். வரைவில் அதோடு, பிள்ளைகள் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தெருவில் நாய்க்குப் பயந்து போகமாட்டார்கள், அப்புறம் ஒரு பெண் குழந்தை, பெயரோடு, தன் அப்பாவுக்கு வேலை போன பிறகு வீட்டில் என்னென்ன மாறியது என்று எழுதிய ஒரு பத்தி. அது வெளியான வடிவத்தில் இல்லை. ஆசிரியர் எடுத்திருக்கலாம், அந்தக் குழந்தையையும் குடும்பத்தையும் காப்பாற்ற.

இன்னொரு டிஸ்க்கில் ஒரு வகுப்பின் மதிப்பெண்கள், யார் மெதுவாகப் படிக்கிறார்கள், யார் வீட்டில் பிரச்சினை என்ற குறிப்புகளோடு.

இரண்டாம் முடிவு

அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது. உயிரோடு, பலர் அதே ஊரில். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் ஆசிரியர் தனக்காக எழுதிய குறிப்பை ஊர் படிக்கக்கூடாது என்பதில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆவணக் காப்பகங்களில் ஒருவர் நூறு வயது வரை இருப்பார் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். மதிப்பெண் டிஸ்க்கின் நகலை அந்தக் கணக்குப்படி மூடி வைத்தோம். அழித்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நான் அதை எதிர்த்தேன். ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் தன் வகுப்பை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது, நூறு வருடம் கழித்து யாராவது அதை நன்றியோடு படிப்பார்கள்.

டூம்ஸ்டே வரைவை ஒரேயடியாக மூடவும் மனமில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில், பெயர் எதுவும் போடாமல், அந்தப் பள்ளியில் அந்த வருடம் ஊர்க் கணக்கெடுப்பில் எழுதியவர்கள் இருந்தால் வரலாம் என்று ஒரு சின்ன அறிவிப்பு கொடுத்தோம். சிலர் வந்தார்கள். அந்தப் பத்தியை எழுதியவரும் வந்தார். அதைத் தனி அறையில் அவரிடம் கொடுத்தோம், படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, அப்பா இப்போது இல்லை, இதைப் போடலாம், என் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம்.

போர்டு சோதனையும் மஞ்சள் நிறமும்

ஃப்ளாப்பிகள் முடிந்த பிறகு மெயின் போர்டு. ஆய்வக மின்வழங்கியில் ஐந்து வோல்ட்டும் எதிர்மறை ஐந்து வோல்ட்டும், கரண்டுக்கு எல்லை வைத்து. கொடுத்ததும் ஒரே தாழ்ந்த சத்தம், நிற்கவே இல்லை. பிபிசி மைக்ரோவில் இது நல்ல துப்பு: ஆன் ஆனவுடன் ஒலி சிப் தானாகவே அந்தச் சத்தத்தைத் தொடங்கும், இயங்குதளம் எழுந்து அதை அடக்கி ஒரு குட்டி பீப் கொடுக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் இயங்குதளம் எழவில்லை. மூத்தவர், இயங்குதளத்தை நிரந்தரமாக வைத்திருக்கும் ரோம் சிப்களைச் சாக்கெட்டிலிருந்து கொஞ்சம் தூக்கி மறுபடி அழுத்தினார், கால்களில் படிந்த ஆக்சைடு தேய்ந்தது. அடுத்த தடவை சத்தம் வந்தது, அடங்கியது, பீப் வந்தது. திரையில் பிபிசி கம்ப்யூட்டர் 32கே, அடுத்து டிஸ்க்கைக் கையாளும் மென்பொருளான ஏகார்ன் டிஎஃப்எஸ், அடுத்து பேசிக். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இந்த ஒரு சோதனையை வைத்தது சரியான முடிவுதான் என்று தோன்றியது. வீடியோ எடுத்தோம், அணைத்தோம், சிப்பைத் தொட்டதையும் குறிப்பில் எழுதினோம்.

மஞ்சளை ஹைட்ரஜன் பெராக்சைடு, புற ஊதா ஒளி கொண்டு வெளுக்கலாமே என்று வருபவர்கள் இன்றும் கேட்கிறார்கள். சொந்தக் கணினிக்கு அவரவர் விருப்பம். பெராக்சைடு பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே மாற்றுகிறது, திரும்பப் பெற முடியாது, மஞ்சள் மறுபடி வரவும் செய்யும். ஜன்னல் இருந்த பக்கம் எது என்று காட்டும் தடயத்தை அதற்காக அழிக்க நாங்கள் தயாராக இல்லை. மென்மையான துணியால் தூசி துடைத்ததோடு சரி, பென்சில் காகிதத்தை அது இருந்த இடத்திலிருந்து எடுக்கவே இல்லை.

விளைவும் அடுத்து மாற்றியதும்

கணினி இப்போது மின்சாரம் இல்லாமல், விசைகள் தெரியும் உயரத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்தில் எங்களிடம் முன்பே இருந்த பிபிசி மைக்ரோ, புதுக் கெபாசிட்டர்கள் போட்ட பவர் சப்ளையோடு, யாரும் தட்டலாம். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய நிரல்களில், எழுதியவர் ஒப்புக்கொண்டவை மட்டும் அதில் ஓடுகின்றன. மூத்தவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை; அசல் கணினியே ஓடியிருக்க வேண்டும் என்பார். அவர் கருத்தையும் பதிவுக் கோப்பில் அவர் சொற்களிலேயே சேர்த்திருக்கிறோம், பின்னால் வருபவர்கள் வேறு முடிவெடுக்க விரும்பினால் அதற்கும் வழி திறந்தே இருக்கிறது, பாகங்கள் அனைத்தும் இருக்கின்றன.

நன்கொடைப் படிவம் மாறியிருக்கிறது. முன்பு அதில் ‘ஓடுகிறதா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியே மகளைப் போன்ற நல்லவர்களைச் சுவிட்சைப் போடவைக்கிறது என்று புரிந்ததும் அதை நீக்கிவிட்டு, ‘தயவுசெய்து மின்சாரம் கொடுக்க வேண்டாம், கடைசியாக எப்போது ஆன் செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று போட்டிருக்கிறோம், தொலைபேசியில் யாராவது கூப்பிட்டாலும் முதல் வாக்கியமே அதுதான். டிஸ்க், டேப் எதுவும் கூடவே வந்தால், அதில் யாருடைய விவரங்கள் இருக்கக்கூடும் என்று கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்கிறோம்.

பூச்சு உதிர்ந்த அந்த ஒரு டிஸ்க் மட்டும் பாக்கி. அதன் உறையில் ஆசிரியர் எழுதியிருப்பது ஒரு வருடத்தின் எண் மட்டும், 1984. ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டியில் தட்டையாக வைத்திருக்கிறோம். காந்தப் பூச்சுகளில் அனுபவமுள்ள ஒரு பாதுகாப்பாளரிடம் காட்டும் வரை யாரும் அதைச் சுற்றக்கூடாது என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம்.